டென்சிங் நார்கே: எவரெஸ்ட் ஏறியது ஒரு நாள், ஏறக் கற்றுக்கொடுத்தது 22 வருஷம்!

தருமபுரியில் இருந்து பென்னாகரம் போகும் பஸ் இண்டூரைத் தாண்டுகிறது. ஜன்னலோர சீட்டில் ஒரு கல்லூரி மாணவர், கையில் செல்போன். திரையில் ஓடுவது காஷ்மீரின் குல்மார்க். வெள்ளை வெளேரென்று ஒரு பனிச்சரிவு. காலில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு ஒருவர் சர்ரென்று இறங்கி வருகிறார். அவருக்கு முன்னால் இன்னொருவர் போகிறார். எங்கே திரும்பணும், எங்கே நிற்கணும், எந்தச் சரிவில் கால் வைக்கவே கூடாது என்று கை காட்டிக்கொண்டே போகிறார்.

வீடியோவில் எல்லோரும் பார்ப்பது பின்னால் வருகிறவரைத்தான். ஆனால் அவர் உயிரோடு கீழே வந்து சேர்வது முன்னால் போகிறவர் கையில் இருக்கிறது. அவர்தான் மலை வழிகாட்டி.

இது இண்டூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. இதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒகேனக்கல். அங்கே பரிசல்காரர் இல்லாமல் யாராவது காவிரியில் இறங்குவாங்களா? எங்கே சுழல், எங்கே பாறை, எந்த நாளில் பரிசலை எடுக்கவே கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். பனிமலையிலும் கதை இதேதான். தண்ணீருக்குப் பதில் பனி, துடுப்புக்குப் பதில் கோடரியும் கயிறும்.

அந்தக் கோடரியையும் கயிறையும் சாதாரண இந்திய இளைஞர்கள் கையில் கொடுத்து, முறையாகப் பாடம் நடத்தியவர் ஒருவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலகம் அவரை எவரெஸ்ட் ஏறியவராக மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் 18 வருஷம் கற்றுக்கொண்டார், அதற்குப் பின்னால் 22 வருஷம் கற்றுக்கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. யார் இந்த டென்சிங் நார்கே? அவர் என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

பிறந்த தேதியே தெரியாது

டென்சிங் பிறந்தது 1914-ம் ஆண்டு என்று சொல்லப்படுகிறது. என்ன தேதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்த இடம் பற்றியும் இரண்டு கருத்து இருக்கிறது. நேபாளத்தின் கும்பு பகுதியில் உள்ள தாமே கிராமம் என்று சிலரும், எல்லைக்கு அந்தப் பக்கம் திபெத்தின் கார்த்தா பள்ளத்தாக்கு என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், எவரெஸ்ட் நிழலில் பிறந்த பிள்ளை.

அப்பா மிங்மா, யாக் எனும் சடைமாடு மேய்ப்பவர். அம்மா கின்சோம். அவர்களுக்கு 13 குழந்தைகள், அதில் டென்சிங் 11-வது. பல பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்து போனார்கள். பெற்றோர் முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு ரோங்பக் மடத்தின் லாமா சொல்லித்தான் டென்சிங் நார்கே ஆனார். செல்வமும் அதிர்ஷ்டமும் உள்ள பக்தன் என்பது போல அதற்குப் பொருள் சொல்வார்கள்.

புத்த பிக்குவாகட்டும் என்று ஒரு மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு லாமா தலையில் அடிக்க, பையன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். பள்ளிக்கூடம் என்று ஒன்று அந்தப் பக்கம் கிடையாது. படிப்பு அத்தோடு முடிந்தது.

சாதாரண ஷெர்பாக்களுக்கு எவரெஸ்ட் என்பது ஏறுவதற்கான இடமே இல்லை. அது தெய்வம் குடியிருக்கும் மலை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் கயிறும் கோடரியுமாக அங்கே போகிறார்கள், அவர்களுக்குச் சுமை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. ஆள் எடுக்கும் இடம் டார்ஜிலிங். 1932 கடைசியில், 18 வயதில் டென்சிங் அங்கே கிளம்பிவிட்டார்.

12 அணா கூலி

டார்ஜிலிங்கில் ஷெர்பாக்கள் அடைந்து கிடந்த குடியிருப்பு தூங் சூங் பஸ்தி. டென்சிங்கும் அங்கேதான் தங்கினார். 1933-ல் எவரெஸ்ட்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவில் சேர முயன்றார். எடுக்கவில்லை. முன்னால் வேலை பார்த்ததற்கான சான்று எதுவும் கையில் இல்லை. வேலை கொடுத்தால்தான் சான்று கிடைக்கும், சான்று இருந்தால்தான் வேலை கிடைக்கும். இன்றைக்கு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு சின்னக் குழு எவரெஸ்ட் பக்கம் போனது. ஆள் தேர்வு கிட்டத்தட்ட முடிந்த பிறகு, கடைசி நேரத்தில் டென்சிங் வரிசையில் போய் நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து ஷிப்டன் எடுத்துக்கொண்டார் என்று சொல்வதுண்டு. கூலி ஒரு நாளைக்கு 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஐரோப்பாவில் மலை வழிகாட்டி என்பது அப்போதே மதிப்புள்ள தொழில். பிரான்ஸின் சாமோனியில் வழிகாட்டிகளின் சங்கம் 1821-லேயே தொடங்கிவிட்டது. அங்கே வழிகாட்டி முன்னால் போவார், வந்தவர் பின்னால் போவார். இமயமலையில் இது தலைகீழ். வந்தவர் துரை, கூட வருகிறவர் கூலி. மலையைப் பிறந்ததில் இருந்து பார்த்தவர் முதுகில் மூட்டை. முடிவு எடுப்பது மட்டும் துரை.

அந்த மூட்டையோடுதான் டென்சிங்கின் படிப்பு ஆரம்பித்தது. பனிக்கோடரியை எப்படிப் பிடிக்கணும், கடினமான பனியில் படி எப்படி வெட்டணும், ஒரே கயிற்றில் இரண்டு பேர் எப்படி நடக்கணும் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றார். புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. தப்பு செய்தால் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை.

1936-லும் 1938-லும் மறுபடி எவரெஸ்ட். 1938-ல் சுமார் 8,290 மீட்டர் உயரத்தில் இருந்த ஆறாவது முகாம் வரைக்கும் சுமை கொண்டுபோனார். அவ்வளவு உயரம் போன ஷெர்பாக்களுக்கு இமாலயன் கிளப் டைகர் பதக்கம் கொடுத்தது. டென்சிங்குக்கும் கிடைத்தது.

மலையை விடக் கஷ்டமான வருஷங்கள்

அடுத்து வந்தது உலகப் போர். எவரெஸ்ட் பயணங்கள் நின்று போயின. டென்சிங் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலுக்குப் போய் ராணுவ அதிகாரிகளிடம் வேலை பார்த்தார். 1939-ல் அவருடைய மகன் நிமா தோர்ஜே இறந்தான். வயது நான்கு. 1944-ல் மனைவி தாவா புட்டியும் இறந்தார். கையில் பெம் பெம், நிமா என இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். அவர்களைக் கூட்டிக்கொண்டு 1945-ல் டார்ஜிலிங் திரும்பினார். அங் லாமுவை மறுமணம் செய்துகொண்டார். வேலை சரியாகக் கிடைக்காத அந்த நாட்களில் வீட்டைத் தாங்கியது அங் லாமுதான்.

1947-ல் கனடாவைச் சேர்ந்த ஏர்ல் டென்மன் என்பவர் அனுமதி எதுவும் இல்லாமல் திபெத் வழியாக எவரெஸ்ட் ஏறப் போகிறேன் என்று வந்தார். பணமும் இல்லை, சரியான சாமானும் இல்லை. நடக்காத காரியம் என்று தெரிந்தே டென்சிங் கூடப் போனார். எவரெஸ்ட் என்றால் அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. பாதியிலேயே திரும்பினார்கள்.

அதே வருஷம் கார்வால் பகுதிக்கு வந்த சுவிஸ் குழுவோடு போனார். அங்கே ஷெர்பாக்களின் தலைவராக, அதாவது சர்தாராக இருந்த வாங்டி நோர்பு விழுந்து பலத்த காயம் அடைந்தார். மேலே போய் அவரை மீட்டுக் கொண்டுவந்த குழுவை நடத்தியது டென்சிங். அதன் பிறகு சர்தார் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்தப் பயணத்தில்தான் கேதார்நாத் சிகரத்தின் உச்சியில் கால் வைத்தார். 12 வருஷமாக மற்றவர்களின் மூட்டையோடு பாதி மலை வரைக்கும் போனவர், முதல்முறையாக ஒரு பெரிய சிகரத்தின் உச்சியில் நின்றார்.

1951-ல் பிரெஞ்சுக் குழுவோடு நந்தா தேவி. காணாமல் போன இரண்டு பிரெஞ்சு வீரர்களைத் தேடி, லூயி துபோ என்பவருடன் நந்தா தேவி கிழக்குச் சிகரம் வரைக்கும் ஏறினார். இருவரும் கிடைக்கவில்லை. தன் வாழ்க்கையிலேயே கடினமான ஏற்றம் என்று டென்சிங் சொன்னது எவரெஸ்ட்டை இல்லை, இதைத்தான்.

ஒரே கூடாரம், ஒரே மெழுகுவர்த்தி

1952. சுவிஸ் குழு எவரெஸ்ட்டுக்கு வந்தது. இந்த முறை டென்சிங்குக்கு இரண்டு பொறுப்பு. அவர் ஷெர்பாக்களின் சர்தார், அதோடு ஏறும் குழுவின் முழு உறுப்பினர். மூட்டை தூக்குகிறவர், மலை ஏறுகிறவர் என்று இருந்த கோட்டை முதலில் அழித்தது சுவிஸ்காரர்கள்தான்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஜோடி ரேமண்ட் லாம்பேர்ட். ஜெனீவாவைச் சேர்ந்த தொழில்முறை மலை வழிகாட்டி. பனிக்கடியில் கால் விரல்களை இழந்தும் மலையை விடாதவர். இவருக்கு நேபாளி தெரியாது, அவருக்கு பிரெஞ்சு தெரியாது. அரைகுறை ஆங்கிலமும் கை ஜாடையும்தான் பேச்சு.

மே 27 இரவு, சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் இருவரும் ஒரு சின்னக் கூடாரத்தில் தங்கினார்கள். தூங்கும் பை இல்லை. அடுப்பு இல்லை. ஒரு மெழுகுவர்த்தியின் சூட்டில் டப்பாவில் பனியை உருக்கி, கிடைத்த ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்தார்கள். தூங்கினால் உறைந்து போய்விடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கிட்டத்தட்ட தவழ்ந்தே 8,600 மீட்டர் அருகே வரைக்கும் போனார்கள். அதுவரை அவ்வளவு உயரம் போனதாக உறுதியான பதிவு வேறு யாருக்கும் இல்லை.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இன்னும் போனால் திரும்ப முடியாது. இருவரும் திரும்பினார்கள். மலை வழிகாட்டிக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். ஏறுவது எப்படி என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கலாம். எங்கே நின்று திரும்பணும் என்பதைத் தெரிந்தவர்தான் வழிகாட்டி. லாம்பேர்ட் கொடுத்த சிவப்பு ஸ்கார்ஃப் டென்சிங்கிடமே இருந்தது.

ஹிலாரியைக் காப்பாற்றிய கயிறு

1953. ஜான் ஹன்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு. டென்சிங்குக்கு இது ஏழாவது எவரெஸ்ட் பயணம். ஆரம்பமே கசப்பு. காத்மாண்டுவில் ஷெர்பாக்களைத் தங்க வைத்தது பிரிட்டிஷ் தூதரக வளாகத்தின் கார் ஷெட்டில். கழிப்பறை கூட இல்லை. ஷெர்பாக்கள் கொதித்துப் போனார்கள். இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்ய வேண்டிய வேலை சர்தார் டென்சிங் தலையில் விழுந்தது.

மலையில் ஒரு நாள். டென்சிங்கும் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹிலாரியும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு பனியாற்றில் இறங்கி வந்தார்கள். ஹிலாரி ஒரு பனிப்பிளவைத் தாண்டக் குதித்தார். அவர் கால் பட்ட பனி விளிம்பு உடைந்து, ஆள் உள்ளே போய்விட்டார். பின்னால் இருந்த டென்சிங் யோசிக்க நேரமே இல்லை. கோடரியைப் பனியில் குத்தி, கயிறை அதில் சுற்றி இறுக்கினார். கயிறு நின்றது. ஹிலாரியும் நின்றார்.

18 வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்றது எல்லாம் அந்த ஒரு நொடிக்குத்தான். இவரோடு ஏறலாம் என்று ஹிலாரி மனதில் முடிவு செய்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு.

மே 26-ல் போன முதல் ஜோடி உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பிவிட்டது. அடுத்த ஜோடி ஹிலாரியும் டென்சிங்கும். மே 29 காலை 6.30 மணிக்குக் கடைசி முகாமில் இருந்து கிளம்பினார்கள். 11.30 மணிக்கு அதற்கு மேல் ஏற எதுவும் இல்லை. உலகின் உச்சி, 8,848 மீட்டர்.

அங்கே இருந்தது சுமார் 15 நிமிடம். டென்சிங் கழுத்தில் லாம்பேர்ட் கொடுத்த சிவப்பு ஸ்கார்ஃப். கோடரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகள். கொஞ்சம் இனிப்பையும், மகள் நிமா கொடுத்து அனுப்பிய பென்சிலையும் பனியில் புதைத்தார். தெய்வத்துக்குப் படையல். உச்சியில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது டென்சிங் மட்டும்தான். படம் எடுத்தது ஹிலாரி. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது.

பிறந்த தேதி தெரியாத மனிதர் அதன் பிறகு மே 29-ஐத் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்.

முதலில் கால் வைத்தது யார்?

கீழே வந்ததும் கேட்கப்பட்ட முதல் கேள்வியே இதுதான். நேபாளத்தில் சிலர் டென்சிங்தான் முதல் என்றார்கள். டென்சிங் மேலே நின்று ஹிலாரியைக் கயிறு கட்டி இழுப்பது போல எல்லாம் பேனர் வைத்தார்கள். இன்னொரு பக்கம் ஹிலாரிதான் முதல் என்றார்கள். டென்சிங் இந்தியரா, நேபாளியா என்று வேறு சண்டை. பிரச்சினை முற்றவே, இருவரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அடைந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மலையேறுகிறவர்களுக்கு இது அர்த்தமே இல்லாத கேள்வி. ஒரே கயிற்றில் இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னால் போவார், ஒருவர் பின்னால் வருவார். இவர் விழுந்தால் அவர் பிடிக்கணும், அவ்வளவுதான். ஆனாலும் கேள்வி விடவில்லை. 1955-ல் எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மனிடம் சொல்லி எழுதவைத்த தன் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையைச் சொன்னார். முதலில் கால் வைத்தது ஹிலாரி, சில அடி பின்னால் தான். தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊருக்குப் பிடிக்காத பதில் என்று தெரிந்தும் மறைக்கவில்லை.

பரிசுகளிலும் வித்தியாசம் இருந்தது. ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் சர் பட்டம் வந்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இந்தியா 1959-ல் பத்மபூஷண் கொடுத்தது.

டெல்லியில் அவரை வரவேற்ற பிரதமர் நேரு, உடுத்திக்கொள்ள நல்ல துணி இருக்கிறதா என்று விசாரித்து, தன் அலமாரியில் இருந்தே ஆடைகளை எடுத்துக் கொடுத்தார். வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்கும் உதவினார். ஆனால் நேரு கொடுத்ததில் முக்கியமானது துணி இல்லை, ஒரு வேலை.

40 வயதில் மறுபடியும் மாணவர்

நேருவும் அப்போதைய மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராயும் யோசித்தது இதைத்தான். மலை நம்முடையது, ஏறுகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், சுமக்கிறவர்கள் மட்டும் நம் ஆட்கள். இது மாறணும் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு இடம் வேண்டும். ஒரு டென்சிங் போதாது, ஆயிரம் டென்சிங் வேண்டும் என்பது நேருவின் ஆசை.

அதற்காக டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் திட்டமிடப்பட்டது. முதல்வர் ராணுவ அதிகாரி நந்து ஜெயால். களப்பயிற்சி இயக்குநர் டென்சிங்.

உலகமே கொண்டாடும் ஆள். நேராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1954-ல் டென்சிங் 6 ஷெர்பாக்களோடு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். ரோசன்லாய் என்ற இடத்தில் அர்னால்ட் கிளாட்ஹார்ட் நடத்திய மலையேற்றப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். எவரெஸ்ட் ஏறி ஒரு வருஷம் கழித்து, 40 வயதில், பாறையில் கை வைப்பது எப்படி என்பதில் இருந்து தொடங்கினார்.

ஏன் போகணும்? தனக்குத் தெரிவது ஒன்று, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. டென்சிங்குக்கு மலை கால் வழியாகத் தெரியும். ஒரு சரிவைப் பார்த்தாலே இது வேண்டாம் என்று உடம்பு சொல்லும். ஆனால் கொல்கத்தாவில் இருந்தும் மதராஸில் இருந்தும் வருகிற, பனியையே பார்க்காத ஒரு மாணவருக்கு அதை எப்படிப் படிப்படியாகச் சொல்வது? எந்தப் பாடம் முதலில், எந்தப் பாடம் கடைசியில்? அதைத்தான் கற்றுக்கொண்டு திரும்பினார்.

1954 நவம்பர் 4-ம் தேதி நிறுவனத்தை நேரு தொடங்கி வைத்தார்.

மலைப் பள்ளியில் என்ன பாடம்?

பாடம் டார்ஜிலிங்கிலேயே ஆரம்பிக்கும். முதலில் பாறை. லேபாங் சாலையில் இருக்கும் ஒரு பெரிய பாறையில் ஏறி இறங்கிப் பழகணும். இன்றைக்கு அதன் பெயரே டென்சிங் பாறை. டார்ஜிலிங் போகிற டூரிஸ்டுகள் இப்போதும் அதில் ஏறிப் பார்க்கிறார்கள். முடிச்சு போடக் கற்கணும். கயிறை வாங்கி விடக் கற்கணும். கைகால் நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கணும்.

அடுத்து சிக்கிம். யோக்சம் கிராமத்தில் இருந்து சுமையோடு நடந்து, சோங்ரி வழியாக மேலே பயிற்சி முகாமுக்கும் ராத்தோங் பனியாற்றுக்கும் போகணும். தங்கள் சுமையைத் தாங்களே தூக்கணும். எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. ஒருவர் முதுகில் இன்னொருவர் மூட்டை என்ற பழைய கணக்கு இங்கே முடிந்தது.

பனியில் முதல் பாடம் ஏறுவது இல்லை, விழுவது. வழுக்கினால் என்ன செய்வது? உடனே குப்புறத் திரும்பி, கோடரியின் கூர்மையை நெஞ்சுக்கு அருகே பனியில் அழுத்தி, உடம்பு எடையை அதன்மேல் போடணும். வேகம் பிடிப்பதற்குள் நிற்கணும். மாணவர்களை வேண்டுமென்றே சரிவில் வழுக்கவிட்டு, திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். நிஜமாக விழும்போது யோசிக்க நேரம் இருக்காது. கையே தானாகச் செய்யணும். ஹிலாரி விழுந்த அன்று டென்சிங் கை செய்தது போல.

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும் ஒருவருக்கும் பாதைக்கு வெளியே போனால் இதே பாடம்தான். புதுப் பனி விழுந்த மறுநாள் எந்தச் சரிவு சரியும், மூடிய பனிக்கு அடியில் எங்கே பிளவு இருக்கும், வானம் எப்போது மாறும். பலகையா, முள் செருப்பா என்பது அப்புறம். முதலில் பனியைப் படிக்கத் தெரியணும்.

எழுத்தைப் படிக்கத் தெரியாத டென்சிங் இதைப் படித்துக் காட்டினார். புத்தகம் வாசித்துப் பாடம் நடத்தவில்லை. செய்து காட்டினார், செய்ய வைத்தார், கூட நடந்தார்.

ஆயிரம் டென்சிங் வந்தாங்களா?

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முதல்வர் நந்து ஜெயால் 1958-ல் சோ ஓயு மலைப் பயணத்தில் உடல்நலம் கெட்டு இறந்தார். நிறுவனம் தொடங்கி நான்கு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் வகுப்புகள் நிற்கவில்லை.

பலன் 1965-ல் தெரிந்தது. எம்.எஸ்.கோலி தலைமையில் போன இந்தியக் குழு எவரெஸ்ட் உச்சியில் 9 பேரை நிறுத்தியது. மே 20-ம் தேதி முதலில் போனவர்கள் ஏ.எஸ்.சீமாவும் நவாங் கோம்புவும். இந்த கோம்பு வேறு யாரும் இல்லை, டென்சிங்கின் அக்கா மகன். மாமாவோடு சுவிட்சர்லாந்து போய்ப் பயிற்சி பெற்று, அதே நிறுவனத்தில் பயிற்றுநராக இருந்தவர். 1963-ல் அமெரிக்கக் குழுவோடு ஏற்கெனவே ஒருமுறை ஏறியிருந்ததால், எவரெஸ்ட்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. டார்ஜிலிங்கில் டென்சிங் பாறைக்கு எதிரே கோம்பு பாறை இருக்கிறது.

அதே 1965-ல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே படித்த பச்சேந்திரி பால் 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். டார்ஜிலிங்கில் போட்ட விதை இமயமலை முழுக்கப் பரவ ஆரம்பித்தது.

மகனுக்கு மட்டும் வேண்டாம் என்றார்

ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் மலையைக் காட்டியவர், தன் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை. மூன்றாவது மனைவி டாக்கு மூலம் அவருக்கு நோர்பு, ஜாம்லிங், தாமே என மூன்று மகன்கள், டெக்கி என ஒரு மகள். எவரெஸ்ட் ஏறணும் என்று ஜாம்லிங் கேட்டபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் மலையில் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது, நல்ல பள்ளியில் படிக்கணும் என்பதற்காகத்தான் தான் ஏறினேன் என்பது அவர் வாதம்.

முரண்பாடு போலத் தெரியலாம். ஆனால் யோசித்தால் புரியும். ஷெர்பாவுக்கு மலை விளையாட்டு இல்லை, பிழைப்பு. விரும்பிப் போகிறவருக்கும் வேறு வழியில்லாமல் போகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. தன் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கணும் என்று நினைத்தார். ஜாம்லிங் பிறகு 1996-ல் எவரெஸ்ட் ஏறினார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

கடைசி வருஷங்கள்

1976-ல் டென்சிங் களப்பயிற்சி இயக்குநர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். நிறுவனத்தின் ஆலோசகராக மட்டும் தொடர்ந்தார். தினமும் மாணவர்களோடு மலையில் இருந்தவருக்கு ஓய்வு சுலபமாக இல்லை. வெளிநாட்டுப் பயணிகளை மலைப்பகுதிகளுக்கு அழைத்துப் போகும் வேலையை எடுத்துக்கொண்டார். எந்தத் தொழிலில் ஆரம்பித்தாரோ அதற்கே திரும்பியது போல. ஒரு வித்தியாசம், இந்த முறை முதுகில் மூட்டை இல்லை.

1986 மே 9-ம் தேதி டார்ஜிலிங்கில் இறந்தார். வயது 71. அப்போது இந்தியாவுக்கான நியூசிலாந்து தூதராக டெல்லியில் இருந்தவர் யார் தெரியுமா? எட்மண்ட் ஹிலாரி. கயிற்றின் மறுமுனையில் இருந்த நண்பரின் இறுதிச் சடங்குக்கு அவர் டார்ஜிலிங் வந்தார். டென்சிங்கின் சமாதி இருப்பது அவர் பாடம் நடத்திய அதே நிறுவனத்தின் வளாகத்தில். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு புது மாணவரும் அதைத் தாண்டித்தான் போகிறார்.

இண்டூரில் இருந்து போக முடியுமா?

முடியும். டார்ஜிலிங் நிறுவனம் இன்றும் நடக்கிறது. அடிப்படை மலையேற்றப் பயிற்சி 28 நாள். முன் அனுபவம் கேட்பதில்லை. உடல்தகுதியும் மருத்துவச் சான்றும் வேண்டும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கும் மாணவ, மாணவிகளுக்கு என்.சி.சி. மூலமாகவே இந்த நிறுவனங்களில் பயிற்சி பெற வாய்ப்பு இருக்கிறது. பனிச்சறுக்குதான் வேண்டும் என்றால் குல்மார்க்கிலும் மணாலியிலும் அரசு பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பனியே இல்லாத தமிழ்நாட்டில் இருந்து போனால் முடியுமா என்ற சந்தேகம் இருந்தால், 2023-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முத்தமிழ்செல்வியின் சொந்த மாவட்டம் விருதுநகர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

1933-ல் டார்ஜிலிங் வரிசையில் நின்ற பையனிடம் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதே பையன் பின்னாளில் பாடம் நடத்திய இடத்தில், இன்று முன் அனுபவம் இல்லாதவருக்கும் 28 நாள் முடிவில் ஒரு சான்று கிடைக்கிறது. டென்சிங் மாற்றியது அதைத்தான்.